எஞ்சினை அணைக்கும் முன் ஒரு நிமிடம்

அன்புள்ள சாய்ராவுக்கு,

அல்லாஹ் உன்னை நலமாக வைக்கட்டும். முழங்கால் வலி தேவலையா? ரிட்டையரான பிறகு வந்த இந்த மாலத்தீவுப் பள்ளியில் எனக்கு ஒரு குறையுமில்லை, மீன்தான் ஜாஸ்தி.

"ஏங்க, கார்ல மஞ்ச விளக்கு எரியுது. நா ஒருத்தி எங்க போவப்போறேன்? வித்துடலாம்" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று ஒளிவிலகல் நடத்தப் போய், பலகையில் டீசல் எஞ்சினை வரைந்துவிட்டேன். காரே ஓடாத தீவின் பிள்ளைகள் சிரித்தார்கள். போனில் விளக்கினால், "ரிட்டையராயும் பாடமா வாத்தியாரே?" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி கெடவில்லை. ஈர விறகு புகைந்தால் பாத்திரத்தில் கரி படியும். அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தால் படியாது. காரில் புகையை வடிகட்டும் பகுதியும் அப்படித்தான். நீ சிதம்பரத்துக்குள்ளேயே கடைக்கும் வீட்டுக்குமாக ஓட்டுவதால், சூடேறாமல் கரி அடைகிறது. கடலூரில் நம் மகள் நஸ்ரின் வீடுவரை, பெரிய சாலையில் அறுபதுக்குக் குறையாமல் சீராக ஓட்டு. கரி தானே எரிந்து விளக்கு அணையும். அணையாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டு. விற்றுவிடாதே. லீவில் வரும் என்னை அழைத்துப்போக நீதான் அதில் வரவேண்டும்.

இங்கே என்னோடு வேலை பார்க்கும் செம்பியன் சார் ஊருக்கு வருகிறார், அவரிடம் இதைக் கொடுக்கிறேன், படகுக்கு அவசரப்படுத்துகிறார். இன்னும் ஒன்றுதான். நஸ்ரின் வாசலில் நின்றதும் எஞ்சினை அணைத்துவிடாதே. எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போ, வேகமாக ஓடியதில் கொதித்துக் கிடக்கும். ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும். அந்த ஒரு நிமிடம் எனக்குப் போன் செய். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை, எஞ்சின் சத்தம் கேட்டால் போதும்.

உன்
உபைதுல்லா