இத்தாவில் நீ சொன்ன சாட்சி

என் அன்பு அம்மாவுக்கு, உன் மேல் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும்.

பெண்கள் மையவாடிக்குள், அடக்கம் செய்யும் இடத்துக்குள், போவது நம் ஊரில் வழக்கமில்லை. உன் கபுரடியில் நின்று சொல்ல வேண்டியதை அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் அச்சுக்கும் கொடுக்கிறேன். ஒளித்து வைத்தது போதும்.

எனக்கும் உன் மருமகனுக்கும் இந்த வருஷம் ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கூத்தாநல்லூரிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து, துஆவில் எங்களை மறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது முறை அல்லவா? நானும் போனேன். பழைய சண்டைக்காரர்கள்கூடக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வீடு மட்டும் பாக்கி இருந்தது. அது யார் வீடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அத்தா மவுத்தானது முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசியில். நீ இத்தா இருந்தாய். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. உள்கட்டு அறையில் வெள்ளைச் சேலையோடு, தொழுகையும் ஓதலுமாக இருந்தாய். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி, உனக்குத் துணையாக வந்திருந்தேன். சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்தாள் என்று யாரும் எனக்காகப் பேச முடியாது.

நம் பக்கமெல்லாம் நிலத்துச் சண்டை கொதித்துக்கொண்டிருந்த நேரம். சில ஊர்களில் செங்கொடி ஏறியது. சில ஊர்களில் குடிசை எரிந்தது. குத்தகைக்காரர் பெயரைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. அத்தா தன் ஆறு மா நிலத்தை, ரெண்டு ஏக்கரை, மாரிமுத்துவுக்கு வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு விட்டிருந்தார். சீட்டு கிடையாது. அத்தா போனதும் தன் பெயரைப் பதியச் சொல்லி மாரிமுத்து மனுக் கொடுத்தார். என்னைவிடப் பெரியவரை நாங்கள் எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம் அம்மா. இதில்தான் முதல்முறையாக ‘அவர்’ என்று எழுதுகிறேன்.

விசாரணைக்கு அதிகாரி வந்தது ஒரு காலை நேரம். கூடத்தில் அவரும் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமும் உட்கார்ந்திருந்தார்கள். மாரிமுத்து தெருவில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அத்தாவின் தம்பி, நம் சின்னத்தா, "அண்ணி இத்தாவுல இருக்காங்க, அன்னிய ஆம்பளைங்க முன்னாடி வரமாட்டாங்க" என்றார்.

"வர வேணாம். உள்ளேர்ந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். யாராவது கேட்டுட்டு வாங்க" என்றார் அதிகாரி.

நான் உள்ளே வந்து உன்னைக் கேட்டேன். நீ தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்தாய். "குத்தகைதான். பத்து வருஷமா அந்த மனுஷன்தான் பயிர் வைக்கிறாரு. இப்படியே சொல்லு" என்றாய்.

முற்றத்தைத் தாண்டுவதற்குள் சின்னத்தா என்னை மறித்தார். "கூலிக்கு உழுதான்னு சொல்லு. குத்தகைன்னு எழுதிட்டா நிலம் கையை விட்டுப் போயிரும். பாதி ஒனக்கு வர்றது ஜைனபு, யோசிச்சுக்க."

உண்மைதான். மார்க்கத்தின் பங்குப்படி அந்த நிலத்தில் பாதி எனக்கு, எட்டில் ஒன்று உனக்கு, மிச்சம் சின்னத்தாவுக்கு. அவருக்குப் பயந்து சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமா, ஆசையா? இன்றைக்கும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"கூலிக்குத்தான் உழுதாருன்னு அம்மா சொல்றாங்க" என்றேன்.

"ராவுத்தரம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்கய்யா" என்றார் மாரிமுத்து. அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

மறுநாள் மாரிமுத்துவின் மனைவி செல்லம்மாள் கொல்லைப்புறமாக வந்து உன்னைக் கேட்டபோதுதான் உனக்குத் தெரிந்தது. நீ என்னைக் கூப்பிட்டாய்.

"நான் சொல்லச் சொன்னது என்ன, நீ சொன்னது என்ன?"

நீ அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அஞ்சு வேளையும் தொழுகை இருப்புல ஒக்காந்து வெரலை நீட்டி சாட்சி சொல்றேன்னு ஓதுறியே, அது என்னன்னு நெனச்சே? நம்ம மார்க்கத்துல நொழையுற வாசலே சாட்சிதான். நபி மக்காவை விட்டுப் போறப்போ, கொல்ல வந்த ஜனங்க நம்பிக் கொடுத்து வச்ச பொருளைத் திருப்பிக் குடுக்கக்கூட ஆள் வச்சிட்டுத்தான் போனாங்க. நான் ஒன்கிட்ட ஒரே ஒரு சொல்லைத்தான் கொடுத்து அனுப்பினேன்."

சின்னத்தா வண்டி கட்ட மறுத்தார். நீ துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே பஸ் ரோடு வரைக்கும் நடந்தாய். அவசியத்துக்குப் பகலில் வெளியே போகலாம் என்பது உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியவில்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது. நான் பத்தடி பின்னால் வந்தேன். தாலுகா ஆபீஸில் உன் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். துக்கத்தில் அண்ணிக்குப் புத்தி தடுமாறியிருக்கிறது என்று சின்னத்தா எழுதிக் கொடுத்தார். அதுதான் நின்றது.

மேட்டூர்த் தண்ணீர் வந்ததும், மாரிமுத்து விட்டிருந்த நாற்றையே பறித்து, வெளியூர் ஆளை வைத்துச் சின்னத்தா நட்டார். தடுக்கப் போன மாரிமுத்துவைப் போலீஸ் கொண்டுபோனது. செத்தவர் பேரைச் சொல்லி நிலம் பறிக்கப் பார்த்த பொய்க்காரன் என்று ஊர் பேசியது. ஐப்பசிக்குள் அவர் குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டார்.

அந்த வயல் நெல்லை நீ கடைசிவரை உலையில் போடவில்லை. நான் தின்றேன். நோன்பு பிடித்தேன், ஜகாத் கொடுத்தேன், ஒரு வேளைத் தொழுகையை விட்டதில்லை. நீ என்னோடு பேசினாய், சிரித்தாய், என் பிள்ளைகளை வளர்த்தாய். ஆனால் அதன் பிறகு என்னிடம் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதில்லை. கீரைக்காரிக்குச் சொல்வதானாலும் நீயே எழுந்து வாசலுக்குப் போனாய். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவன் பொறுப்பான், மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் பொறுக்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். போய்க் கேள் என்று சொல்லவில்லை. நானும் போகவில்லை.

பாக்கி இருந்த அந்த வீட்டுக்கு முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் போனேன் அம்மா. செல்லம்மாள் இப்போது உயிரோடு இல்லை. மாரிமுத்து ஒரத்தநாட்டில் மகள் பூங்கொடியின் வீட்டில் இருக்கிறார். பூங்கொடி பள்ளிக்கூட ஆசிரியை. மாரிமுத்து என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் முழுதும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்க அம்மா அப்படிச் சொல்லலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"என்னைப் பொறுத்துக்கணும். என் பங்கு மூணு மாவையும் ஒங்களுக்கே எழுதிக் குடுத்துடுறேன்."

"நெலத்தை வச்சு இந்த வயசுல நான் நடவா நடப் போறேன்? ஒங்க ஊருல எனக்குப் பொய்க்காரன்னு பேரு. அதைச் சொன்ன ஜனங்க முன்னாடி போய்ச் சொல்லுங்க. மத்ததைப் பெறகு பாக்கலாம்."

வீட்டில் சொன்னேன். "ஹஜ்ஜுக்குப் போறவ குடும்ப மானத்தை ஏலம் போட்டுட்டுத்தான் போவணுமா?" என்றார் உன் மருமகன். எந்த மானம் என்று கேட்க நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும்போது பள்ளிவாசல் கேட்டில் போய் நின்றேன். நான் நாள் சொல்லியிருந்தபடி எதிர்ப்பக்கம் வாடகைக் காரில் மாரிமுத்துவும் பூங்கொடியும் இருந்தார்கள். "எங்க அம்மா குத்தகைன்னுதான் சொன்னாங்க. நான்தான் கூலின்னு மாத்திச் சொன்னேன். மாரிமுத்து பொய் சொல்லலை. பொய் சொன்னது நான்" என்றேன்.

"இதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி. சின்னத்தா மகன் செருப்பைக்கூட மாட்டாமல் போனான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு விலகினார்கள். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் மட்டும் காரிடம் போய் மாரிமுத்துவின் கையைத் தொட்டுவிட்டு வந்தார்.

மாரிமுத்து வயலைப் பார்க்க வேண்டும் என்றார். கூடப் போனேன். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "கீழண்டை வரப்பை யாரோ தள்ளிப் போட்டிருக்காங்க" என்றார். பிறகு, "போலாம் பூங்கொடி" என்றார். பொறுத்தேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

உன் மருமகன் நாலு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் பெட்டியைக் கட்டுகிறார். நிலத்தை வேண்டாம் என்கிறவரிடம் திணித்தால் மன்னிப்பை விலை பேசுவதாகுமா? கொடுக்காவிட்டால் இன்னும் அபகரித்து வைத்திருப்பதாகுமா? உன்னைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியவில்லை.

ஹஜ்ஜு முடித்து வருகிறவர்கள் தங்கள் வீட்டுக்குள் நுழையும் முன் கேட்கும் துஆவுக்குப் பலன் உண்டு என்பார்கள். இந்த வாக்கை மட்டும் வைத்துக்கொள் அம்மா. திரும்பி வந்ததும் என் வீட்டுப் படி ஏறுவதற்கு முன் ஒரத்தநாட்டுக்குப் போய், அந்த துஆவை மாரிமுத்துவுக்காகக் கேட்பேன். நான் வருவதற்குள் அவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று மக்காவில் கஅபாவின் முன்னால் கேட்பேன். எனக்காகக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

உன் வயிற்றில் பிறந்த ஒரே மகள்,
ஜைனபு