தெரேஸ் அக்காவின் ஓராண்டுச் சாப்பாடு

என் பிரியமான தெரேஸ் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அன்றைக்கே உனக்கு எழுத வேண்டும் என்றிருந்தேன். ஆனால் அன்று நடந்ததைப் பார்த்த பிறகு கை ஓடவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

உனக்குப் பூசை வைக்கவில்லை. "நான் செத்தா பூசை கீசை எல்லாம் வேணாம் செலின். தெருவுல இருக்கறவங்களக் கூப்புட்டு நல்லா சாப்பாடு போடு, அது போதும்" என்று நீ சொன்னதை அப்படியே செய்தேன். பங்குச் சாமியாருக்கு வருத்தம்தான். நான் மட்டும் காலையில் கோயிலுக்குப் போய் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். அது என் உரிமை. அதில் நீ தலையிட முடியாது.

நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படித்தான் காலம் தள்ளினோமோ! நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். நீ பிரெஞ்சு டீச்சராகப் போன நாளிலிருந்து சாமியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டவள். "லாயிசித்தே, லாயிசித்தே" என்று வாய்க்கு வாய் சொல்வாயே, அதற்கு என்னதான் அர்த்தம் என்று ஒருநாள் கேட்டேன். "நீ கோயிலுக்குப் போறத நான் தடுக்கக் கூடாது. நான் போகாததுக்கு நீ மூக்கச் சிந்தக் கூடாது. கவுருமெண்டு ரெண்டு பேரு விஷயத்துலயும் மூக்க நுழைக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றாய். நான் பூசை முடிந்து வந்தால் காப்பியோடு நிற்பாய். "உங்க சாமியாரு இன்னிக்கி யாரத் திட்டுனாரு?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை நீட்டுவாய். இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். நன்றாகவே இல்லை.

நீ கீழே குடிவைத்த யூசுப்பும் ஹமீதாவும் அவர்கள் மகளும் சுகம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உடம்புக்குச் சுகம்தான். மற்றபடி எதுவும் சுகமில்லை அக்கா.

யூசுப் பழைய பேப்பர் வாங்க நம் தெருவுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எந்த ஊருப்பா நீ?" என்று நீ கேட்க, பர்மா பக்கம் என்றான். வீட்டைக் கொளுத்தினார்கள், படகேறி ஓடிவந்தோம், மெட்ராஸ் பக்கம் ஒரு கொட்டகையில் இருந்தோம், அதுவும் போய்விட்டது என்று ஏதோ அடுத்த தெருவில் நடந்த விஷயம் மாதிரிச் சொன்னான். அகதி என்று ஒரு அட்டை இருந்தது. ஊர் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. அடுத்த வாரமே கீழ்ப்போர்ஷனை அவர்களுக்குத் திறந்துவிட்டாய். போலீஸ் ஸ்டேஷனுக்கும் நீயே போய் முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய்.

"யாரு எவருன்னு தெரியாம இப்படி வெக்கறியே" என்றேன். நீ பாய்ந்தாய். "நான் அப்பா அம்மாவோட சைகோன்லேர்ந்து கப்பல்ல வந்து எறங்குனப்ப எங்கள யாருக்குத் தெரியும்? நீ அப்ப பொறக்கவே இல்ல. சும்மா இரு." சைகோனில் பிரெஞ்சுக்காரன் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, அங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்துபோய், ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார். சொந்தக்காரர்களே வாசலில் நிறுத்திவைத்துப் பேசினார்களாம். முன்பின் தெரியாத வெற்றிலைக் கடைக்காரர் ஒருவர்தான் தன் மாடியைத் திறந்துவிட்டாராம். இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். உனக்கு அது அழியவே இல்லை.

ஹமீதாவின் முக்காடு மட்டும் உனக்குப் பிடிக்கவில்லை. "வீட்டுக்குள்ள எதுக்கும்மா? வேர்க்கல?" என்று ஒருதரம் கேட்டாய். "பழகிப்போச்சு மா. இல்லாங்காட்டி எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்" என்றாள். அதற்குமேல் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்க நீ என்ன பாடுபட்டாய் என்று எனக்கல்லவா தெரியும்!

நோணாங்குப்பம் ஆற்றில் அவர்களைப் போட்டில் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பினாயே, அதுவும் நினைவிருக்கிறதா? மகள் குதித்துக்கொண்டு ஓடினாள். ஹமீதா தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "போட்டு வேணாம் மா" என்றாள், அவ்வளவுதான். நீ ஏன் என்று கேட்கவில்லை. அவள் பக்கத்தில் கரையிலேயே உட்கார்ந்து, வறுத்த கடலை வாங்கி மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுத்தாய்.

இப்போது தெருவில் எல்லோர் கையிலும் போனில் ஏதேதோ வீடியோ. இவர்கள் மாதிரி அகதிகள் வந்த இடமெல்லாம் இப்படி ஆயிற்று, அப்படி ஆயிற்று என்று. யாருக்கும் யூசுப்மேல் தனியாக ஒரு குற்றமும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவன் சைக்கிளைக் கண்டால் பேச்சு நிற்கிறது. நகர் நலச் சங்கத்தின் செயலாளர் நம் பக்கத்து வீட்டுக் குமரவேலு. பொருளாளர் முனை வீட்டு ஆரோக்கியம். மார்கழியில் அம்மன் கோயில் ஸ்பீக்கருக்கும் டிசம்பரில் சர்ச் ஸ்பீக்கருக்கும் வருஷா வருஷம் சட்டையைப் பிடித்துக்கொண்ட அதே இரண்டு பேர்தான். இன்று அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாக வந்து, கீழ்வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். மத ஒற்றுமை நம் தெருவுக்கு இந்த வழியாகவா வர வேண்டும்?

அதனால்தான் உன் சாப்பாட்டு நாளில் எல்லோரையும் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டேன். யூசுப் குடும்பத்தையும் கூப்பிட்டேன். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் மனசு இளகும் என்று நினைத்தேன். நீ இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பாய் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அம்மா சைகோனில் கற்றுக்கொண்டு வந்த நெம் இல்லாமல் உனக்கு என்ன விருந்து? இரண்டு நாளாக உட்கார்ந்து கறியை அரிசித்தாளில் வைத்துச் சுருட்டினேன். சாலட் இலை, புதினா, தொட்டுக்கொள்ள நுக்மாம் மீன்சாறு, எல்லாம் நம் வீட்டு முறைப்படி. அன்று புரட்டாசி சனிக்கிழமை. குமரவேலு வீட்டில் கவுச்சி தொடமாட்டார்கள். அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்காக முட்டைக்கோசும் கேரட்டும் காளானும் வைத்துத் தனியாகச் சுருட்டி, புதுச் சட்டியில் புது எண்ணெயில் பொரித்து, மீன்சாறு பக்கத்திலேயே போகாமல் எலுமிச்சைச் சாறு கலந்து தனியாக வைத்தேன். மற்றதெல்லாம் வழக்கம்போலப் பன்றிக்கறியும் இறாலும்.

யூசுப் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். ஹமீதா மகளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். நானே பெருமையாகத் தட்டைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தேன். "சாப்புடும்மா, எங்க அக்காவுக்கு உசுரு இது" என்றேன். ஹமீதா தட்டைப் பார்த்தாள். "இது இன்னா கறி மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா, எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. அடுத்த வீட்டு விரதத்துக்குப் புதுச் சட்டி வாங்கியவளுக்கு, கீழே ஒரே கூரைக்கடியில் இருக்கிறவர்களுக்குப் பன்றி ஆகாது என்பது தோன்றவே இல்லை. மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் குமரவேலு வீட்டு விரதத்தை நான் என்றைக்காவது மறந்திருக்கிறேனா? இவர்களுக்காகத் தெருவிடம் பரிந்து பேசப் புறப்பட்ட நானே, இவர்களுக்கும் ஒரு ஆகும் ஆகாது உண்டு என்பதை மனசில் வைக்கவில்லை.

ஹமீதா தட்டைத் தள்ளிவைத்ததும் குமரவேலு எழுந்துவிட்டான். "பாத்தீங்களாக்கா? செத்தவங்க பேர்ல போடற சாப்பாடு, ஒரு வாய் தொட மாட்டேங்கறாங்க. இவங்க எப்படி நம்மகூட ஒத்துப் போவாங்க?"

எனக்கு என்மேல் இருந்த கோபமெல்லாம் அவன்மேல் போய் விழுந்தது. "நீ தொட்டியா குமரவேலு அந்தத் தட்ட? உனக்குன்னு தனிச் சட்டி வாங்கிப் பொரிச்சிருக்கேன். உனக்குன்னா விரதம், அவங்களுக்குன்னா திமிரா?"

"அது வேற, இது வேற அக்கா" என்றான்.

"அதான, ரெண்டும் ஒண்ணாயிடுமா?" என்றான் ஆரோக்கியம், வாய் நிறைய நெம்மை வைத்துக்கொண்டு.

குமரவேலுவின் பெண்டாட்டி லதா மட்டும் எழுந்து வந்தாள். தன் தட்டை ஹமீதாவின் மகள் முன்னால் வைத்தாள். "இதுல ஒண்ணும் கலக்கல கண்ணு, சாப்புடு" என்றாள். அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். குமரவேலு அதைப் பார்த்தான். பார்த்தும் அவன் மாறவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம சங்கத்துல கூடுறோம். அதுக்குள்ள நீங்களே காலி பண்ண வெச்சிட்டா நல்லது. இல்லன்னா மேல எழுதிப் போட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். உன் சவப்பெட்டியை முன்னால் நின்று தோள் கொடுத்துத் தூக்கியவன் அவன். கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிந்தால் எனக்குத் தூக்கமாவது வரும்.

மேலே, போலீசுக்கு எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று யூசுப்புக்குத் தெரியும். அட்டையைக் கையில் வைத்திருந்தும் அழைத்துப்போகப்பட்டு, எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் போனவர்களை அவனுக்குத் தெரியும்.

மறுநாள் நான் பூசை முடிந்து வரும்போது ஹமீதா பாத்திரங்களைப் புடவையில் போட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறீங்க?"

"போய்த்தான் பாக்கணும் மா. உங்களுக்கு எதுக்கு எங்களால கஷ்டம்? நீங்க தனியா இருக்கறவங்க. எங்களுக்கு இது பழக்கம்தானே."

பழக்கமாம். முக்காட்டைப் பற்றிப் பேசினபோது சொன்ன அதே குரலில் சொல்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "மூட்டையத் தூக்கு. மாடிக்கு வா" என்றேன். "வாடகைக்கு இருக்கறவங்களத்தான சங்கம் கேள்வி கேக்கும்? என் அடுப்புல சமைச்சி என்னோட சாப்புடறவங்கள எவன் வந்து கேக்கறான்னு பாக்கறேன்." சட்டத்தில் இது நிற்காது என்று எனக்குத் தெரியும். குமரவேலுவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்துக்கு அதைச் சொல்லத்தான் வாய் வந்தது.

பாரீசிலிருந்து என் மகன் கூப்பிட்டான். "ஒனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? அனுப்பிடு" என்றான். அதே மூச்சில், அங்கே வீடு பார்க்கப் போனால் போனில் இருக்கிறது என்கிறவர்கள் இவன் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்கிறார்கள் என்று புலம்பினான். இரண்டுக்கும் நடுவில் அவன் மூச்சுகூட வாங்கவில்லை. நீ இருந்தால் போனைப் பிடுங்கி நல்ல பிரெஞ்சில் கிழித்திருப்பாய். எனக்கு அந்த அளவுக்குப் பிரெஞ்சு வராதே. "சரிப்பா, வெக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர்களுக்கு உன் அறையைக் கொடுத்திருக்கிறேன் அக்கா. முதலில் கூடத்தில்தான் பாய் போட்டேன். சாயந்தரம் யூசுப் தொழுவதற்குப் படமில்லாத இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தான். கூடத்தில் வேளாங்கண்ணி மாதா, என் அறையில் இயேசுவின் திருஇருதயம், சமையலறைக் காலண்டரில்கூட அந்தோணியார். நான் எதையும் எடுக்க மாட்டேன், அவனும் எடுக்கச் சொல்லவில்லை. ஹமீதாதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்க அக்கா ரூம்ல தொழலாமா மா? அங்க செவுத்துல ஒண்ணுமே இல்ல."

ஒரு சிலுவையாவது மாட்டிவையேன் அக்கா என்று உன்னோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! சாமி இல்லாத அறையில் படுத்தால் கெட்ட கனா வரும் என்றுகூடப் பயமுறுத்தினேனே. நீ அசைந்துகொடுக்கவே இல்லை. சாமி வேண்டாம் என்று நீ வெறுமையாக வைத்திருந்த சுவருக்கு முன்னால்தான் இப்போது ஒருவன் தன் சாமியிடம் பேசிக்கொண்டிருக்கிறான். இதைக் கேட்டு நீ சிரிப்பாயா, முறைப்பாயா?

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்காரர்கள் வந்தால் கதவைத் திறந்து நான்தான் நிற்பேன். போலீஸ் வந்தாலும் நான்தான். அதற்குமேல் என்னால் என்ன முடியும் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது அக்கா, மறைக்கவில்லை. லதா நேற்றுக் கொல்லைப்பக்கமாக வந்து ஒரு கிண்ணம் பால் வைத்துவிட்டு, "அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்று போனாள். அது எனக்குத் தைரியம் தருகிறதா, இன்னும் பயத்தைத் தருகிறதா என்றே புரியவில்லை.

உன் படத்தைப் பெரிதுபண்ணிச் சட்டம் போட்டு வாங்கி வந்திருக்கிறேன். நல்ல படம், அந்த நீலப் புடவையில் நீ யாரையோ திட்டப்போகிற மாதிரி இருப்பாயே, அது. உன் அறையில் மாட்டத்தான் வாங்கினேன். இப்போது அது என் கட்டிலோரம் சாய்ந்து நிற்கிறது. அங்கேயே நிற்கட்டும். அவர்கள் இந்த வீட்டில் இருக்கிறவரைக்கும் அந்தச் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன். என் சாமியையும் மாட்ட மாட்டேன், உன்னையும் மாட்ட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னோடு சண்டை போட ஆளில்லாமல் இருக்கும்
உன் தங்கச்சி,
செலின்
மூலக்குளம்