நீங்கள் பஸ்ஸில் சொன்ன முடிவு

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு காய்ந்த தாளைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தேன். சத்தத்துக்காக டிவியைப் போட்டு வைத்திருந்தேன், பார்க்கவில்லை. ஏதோ ஒரு நேரத்தில் தலையைத் தூக்கினால், ஒரு வீட்டு வாசல். மூடிய இரும்பு கேட்டுக்கு வெளியே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். உள்ளே நாற்காலியில் அவளுடைய அப்பா. அவளைப் பார்த்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுகிறார்.

அட, நம்ம படம்! பதினாறு வருஷத்துக்கு முன்னால் பெரம்பலூர் தியேட்டரில், சரியாக இந்த இடத்தில், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினீர்களே, அந்தப் படம்.

நாம் எந்தப் படத்தைத்தான் முழுசாகப் பார்த்தோம்? இரண்டரைக்கு மேட்னி ஆரம்பிப்பான். செட்டிகுளம் போகிற பஸ் நாலே முக்காலுக்கு. அதை விட்டால் ஆறரைக்குத்தான். அதற்குள் வீட்டில் மாடு கத்தும், அத்தை அதைவிடச் சத்தமாகக் கத்துவார். "ரெண்டு மருமவளும் சேந்து போனா, சேந்து நாலே முக்கா பஸ்ஸுல ஏறணும்" என்பதுதான் நமக்கிருந்த ஒரே நிபந்தனை. மூத்த மருமகள் நீங்கள் அதை ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் கடைசி நொடி வரைக்கும் எழுந்திருக்கவும் மாட்டீர்கள். நான்தான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்துக்கொண்டிருப்பேன். கண்டக்டர் விசில் ஊதிய பிறகு பஸ்ஸைத் துரத்திப் பிடித்து ஏறிய நாட்கள்தான் அதிகம்.

ஏறி உட்கார்ந்ததும் நான் கேட்பேன், "அக்கா, கடைசியில என்ன ஆயிருக்கும்?" நீங்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிப்பீர்கள். ஊர் வருவதற்குள் முடிவு தயாராகிவிடும். எல்லாம் நீங்களாகக் கட்டியதுதான், எனக்கும் தெரியும். முன் சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்பார்கள். ரெண்டு வருஷம் கழித்து அதே படம் டிவியில் வந்து முடிவு வேறு மாதிரி இருந்தால், கொஞ்சமும் அசராமல், "அவனுவ தப்பா எடுத்துட்டானுவ புள்ள" என்பீர்கள். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போவேன்.

எந்தக் காட்சி மனதில் நிற்கும் என்பதற்கு நீங்கள் ஒரு கணக்கு வைத்திருந்தீர்கள். "வசனம் பேசற சீனெல்லாம் வூடு வர்றதுக்குள்ள மறந்துபோயிரும். கை எதாவது செய்யற சீனுதான் நிக்கும்." அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால் நீங்கள் சொன்னதுதான் சரி. புருஷன் பெண்டாட்டி ஒரு மாதமாகப் பேசாமல் இருக்கும் ஒரு படம் பார்த்தோம். கதை, பேர், பாட்டு எதுவும் ஞாபகமில்லை. சாப்பிடும்போது அவன் உப்பைத் தேடுவதைப் பார்த்து, அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டே உப்புக் கிண்ணத்தை அவன் பக்கம் ஒரு விரலால் தள்ளுவாளே, அது மட்டும் இருக்கிறது. அடி வாங்கி விழுந்த வில்லன் எழுந்து, முதல் வேலையாகத் தன் செருப்பைத் தேடுவானே, அதுவும் இருக்கிறது. தியேட்டரே சிரித்தது. உங்களுக்கு மட்டும் கண் கலங்கியது. "பாவம்டி, அவனும் வூட்டுக்குப் போவணும்ல" என்றீர்கள்.

நாம் இந்தப் படம் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

என் அப்பா என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. நானாகத் தேடிக்கொண்ட கல்யாணம். அரியலூரைத் தாண்டி நாலாவது ஸ்டாப்பில் இறங்கினால் எங்கள் வீடு, போய்வர ஒரு நாள் போதும். ஆனால் குழந்தை பிறந்த சேதி போயும் அப்பா வரவில்லை. அம்மா மட்டும் ஒளிந்து ஒளிந்து போன் பண்ணுவாள். நானும் வீம்புக்காரிதான், போகவில்லை. போய் நின்று, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் தாங்கமாட்டேன் என்கிற பயம்தான் அந்த வீம்புக்குள் இருந்தது. அது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

படத்தில் அந்த அப்பா எழுந்திருக்கிறார். நான் சீட்டு நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று நீங்கள், "ஏந்திரி புள்ள, பஸ்ஸு போயிரும்!" வழக்கமாக நான் சொல்லும் வசனம் அது. காலை மிதித்துவிட்டோம் என்று நாலு பேர் திட்டத் திட்ட வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் பஸ்ஸே வந்து நிற்கவில்லை. எனக்கு வந்ததே கோபம். "சின்னப் படங்க்கா அது! இன்னும் அஞ்சு நிமிசம் உக்காந்திருந்தா முடிவையே பாத்திருக்கலாம்" என்று கத்தினேன். நீங்கள் பக்கத்துக் கடையில் நுழைந்து, என் மகளுக்கு ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தீர்கள்.

பஸ்ஸில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நீங்களாகவே ஆரம்பித்தீர்கள்.

"கேட்டத் தொறந்தாரு."

நான் திரும்பவில்லை.

"ஒரு வார்த்தை பேசல. மவள நிமிந்துகூடப் பாக்கல. அந்தப் புள்ள செருப்போட உள்ள வரப் பாத்துச்சா, குனிஞ்சு அவரே கழட்டி வுட்டாரு. அவ்வளவுதான் படம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டு, "நீயும் ஒருதரம் போயிட்டு வாயேன்" என்றீர்கள். மடியில் அந்தச் செருப்புப் பை இருந்தது.

அடுத்த ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய தூசியெல்லாம் எங்கள் இரண்டு பேர் தலையிலும் இருந்தது. அப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அப்படியே நின்றார். நீங்கள் சொன்ன மாதிரி அவர் குனியவில்லை. குழந்தைதான் செருப்பை மூலைக்கு ஒன்றாக உதறிவிட்டு உள்ளே ஓடியது. அப்பா வீட்டுக்குள் பார்த்து, "பஸ்ஸுல வந்திருக்குதுவ, மோர் கொண்டா" என்றார். அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக நான் பார்த்தேன். அப்பா போய், கவிழ்ந்து கிடந்த அந்தச் சின்னச் செருப்புகளை எடுத்து, தட்டி, தன் செருப்புக்குப் பக்கத்தில் நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து சொன்னபோது எவ்வளவு பெருமையாகச் சொன்னீர்கள், "பாத்தியா, சினிமாக்காரன் சும்மா எடுக்கல!" அதற்குப் பிறகு அப்பா ஒன்பது வருஷம் இருந்தார். அந்த ஒன்பது வருஷமும் எனக்கு அப்பா இருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை, வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு டிவி முன்னால் நின்றேன். படத்தில் அந்த அப்பா எழுந்தார். கேட் வரைக்கும் நடந்து வந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார். எடுத்துவிட்டார். திரும்பிப் போய் உள்கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். பேர் ஓட ஆரம்பித்துவிட்டது.

அக்கா, அன்றைக்கு இதை நான் பார்த்திருந்தால் ஜென்மத்துக்கும் அரியலூர் பஸ்ஸில் ஏறியிருக்கமாட்டேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என்றைக்கும் எழுந்திருக்காத நீங்கள் அன்றைக்கு ஏன் முந்திக்கொண்டீர்கள்? ஒருதரம் இந்தப் படம் டிவியில் ஆரம்பித்தபோது, "பாத்தத எத்தினி தரம் பாக்கறது" என்று ரிமோட்டைப் பிடுங்கி மாற்றினீர்களே, அது ஏன்? மனசு கேட்காமல் துறையூருக்கு, உங்கள் அக்காவுக்கே போன் போட்டேன். எட்டு மாதம் முன்னால் உங்களைக் கடைசியாக வழியனுப்பிய நாளுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. படத்தைப் பற்றிக் கேட்டதும் அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது.

"அதா? எங்கூருல மொத வாரமே பாத்தமே, நானும் அவளும். படம் முடிஞ்சும் ஏந்திரிக்கல அவ. 'ஏன்க்கா இப்புடி எடுத்து வச்சிருக்கானுவ, எங்கூட்டுப் புள்ள பாத்தா உடைஞ்சு போயிருமே'ன்னு ஒரே அழுவை."

எங்கூட்டுப் புள்ள! ஓரகத்தியை அப்படி யார் சொல்லுவார்கள்?

என்னை ஏன் அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனீர்கள் என்று கேட்க மாட்டேன். ஒற்றைக் காலில் நின்று கூட்டிப்போகச் சொன்னவள் நான்தான். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், அதனால் வந்தீர்கள். முடிவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வெளியேறினீர்கள். கடைசியில் மடியில் இருந்த செருப்பைப் பார்த்து ஒரு முடிவு செய்துகொடுத்தீர்கள். பதினாறு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. நல்ல அழுத்தக்காரி நீங்கள். உங்களைக் கட்டிப்பிடித்து ரெண்டு திட்டுத் திட்ட வேண்டும்போல் இருந்தது. ஆள் இல்லையே என்று உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் உங்கள் கொழுந்தனார் வயலிலிருந்து வந்தார். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, "வெங்காயமா?" என்றார்.

"இல்லங்க, படம். நானும் அக்காவும் பாத்தது."

"பொண்ண வெரட்டி வுட்ட அப்பன் கதைதான? கடைசியில என்னதான் ஆச்சு?"

முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"கேட்டத் தொறந்தாரு" என்றேன். "ஒரு வார்த்தை பேசல. புள்ள செருப்ப அவரே குனிஞ்சு கழட்டி வுட்டாரு."