தாகம் இல்லாமல் குடித்த தண்ணீர்

அன்புள்ள சிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், இங்கே அம்மா பிழைத்துவிட்டாள், அதனால் நானும் சுகம். இப்படி ஒரு வரியைப் படித்தால் உனக்குத் தூக்கிவாரிப் போடும், தெரியும். பதறாதே, அவள் இதோ அடுத்த அறையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள், குரல் கணீரென்று கேட்கிறது. ஓட்டத்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் களைப்பு, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பாதிதான். மீதியைப் போனில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பிரேக் பிடிக்காத பஸ்ஸைச் சுவரில் உரசி நிறுத்திய கை இது, இந்த ஒரு கடிதத்துக்கு மூன்று தாளைக் கிழித்துவிட்டது.

நாளெல்லாம் ஆஸ்பத்திரி லாண்டரியில் நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் ஆசையை மூட்டிவிட்டதே நீதான். ஷூ அனுப்பினாய், கூடவே அந்தத் தாது உப்பு மாத்திரையும் அனுப்பினாய், நீண்ட தூரம் ஓடினால் வேர்வையில் உப்பு போய்விடும் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. வேர்க்கிற உடம்புக்குத் தண்ணி போதும், மாத்திரையெல்லாம் கடைக்காரன் பிழைக்கிற வழி என்று சொல்லி அந்த டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரேடியேட்டர்தான். வண்டி சூடானால் தண்ணீர் ஊற்று, சூடாகும் முன்னாலேயே ஊற்றினால் இன்னும் நல்லது, இதை நம்பித்தானே இத்தனை காலம் ஒரு தடவைகூட நடுவழியில் நிற்காமல் வண்டி ஓட்டினேன். ஓட்டம் போகிற பாதை பெரும்பாலும் என் பழைய ரூட்டேதான். டிப்போவில் லீவில் இருந்த டிரைவர், கண்டக்டர் எல்லாரையும் பிடித்து ஸ்டாப்புக்கு ஒருவராக பாட்டிலோடு நிற்க வைத்தேன். எல்லாரும் அவளை அண்ணி என்று கூப்பிடுகிற பயல்கள். தனக்காக வெயிலில் நிற்கிறார்களே என்று அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை, ஒவ்வொருவன் கையிலும் வாங்கி வாங்கிக் குடித்திருக்கிறாள். போதாக்குறைக்கு நான் வேறு ஸ்கூட்டரில் குறுக்குச் சந்துகளில் புகுந்து முந்திப் போய், மடக் மடக்கென்று குடிக்க வைத்துவிட்டுத்தான் வழிவிட்டேன்.

வெயில் ஏற ஏற அவள் ஓட்டம் நடையாகிவிட்டது. தலை வலிக்குதுங்க, மோதிரம் இறுக்குதுங்க என்றாள். விரலெல்லாம் வீங்கியிருந்தது, நான் வெயில்தான் காரணம் என்று நினைத்து இன்னும் ஒரு பாட்டிலைக் கொடுத்தேன். குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தாள், போனதை ஈடு கட்ட வேண்டுமே என்று மறுபடியும் கொடுத்தேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்து, டிரைவர் சார், லாண்டரி ஸ்டாப் வந்துருச்சா, நான் எறங்கணும் என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் என் பஸ்ஸில் ஏறித்தான் லாண்டரி வேலைக்குப் போவாள், அப்போது அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள். கிண்டல் பண்ணுகிறாள் என்று நான் சிரித்தேன், சிட்டு, சிரித்தேன். மறுபடியும் அதையே கேட்டாள். முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதை அவள் கண்ணில் இருந்தது. அடுத்த நிமிஷம் வலிப்பு வந்து ரோட்டிலேயே விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு தண்ணி குடிச்சாங்க என்று கேட்டார். நான் பெருமையாக, ஒரு ஸ்டாப் விடாம குடுத்துட்டேம்மா, கொறையே வைக்கல என்றேன். அவர், சார், கொறைஞ்சது தண்ணி இல்ல, ரத்தத்துல உப்பு, நீங்க ஊத்துன தண்ணி அத நீர்க்க வெச்சிடுச்சு, மூளை வரைக்கும் வீங்கிடுச்சு என்றார். தண்ணீர் ஆளைக் கொல்லுமா சிட்டு, நான் கேள்விப்பட்டதே இல்லை. அவ்வளவு தூரம் ஓடினவள் எடை குறைந்துதானே இருக்க வேண்டும், காலையில் ஓட்டம் தொடங்கும் முன் நிறுத்துப் பார்த்ததைவிடக் கூடியிருந்ததாம். விரலிலிருந்து மோதிரம் கழலாமல் வெட்டி எடுத்தார்கள், கையில் ஊசி குத்திக் கெட்டியான உப்புத் தண்ணீரை ஏற்றினார்கள். நான் வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள்தான் கண் விழித்தாள். என்னங்க, மோதிரத்த வெட்டிட்டாங்களா என்று கேட்டாள். அந்த என்னங்க காதில் விழுந்ததும் நான் வார்டு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன். பார்க்க வந்த கண்டக்டர் பயல்கள் ஆளுக்கொரு ஜூஸ் பாட்டிலோடு வந்து நின்றார்கள், நர்ஸ் விரட்டிய விரட்டில் ஒருவன் செருப்பை விட்டுவிட்டே ஓடிவிட்டான்.

நீ அனுப்பிய மாத்திரையைப் போட்டிருந்தால் தப்பித்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம், ஆனா இவ்வளவு தண்ணிய எந்த மாத்திரையும் ஈடு கட்டாது என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. அடுத்த மாதம் நீயும் அதே தூரம் ஓடப் போகிறாய், மாத்திரைதான் போட்டுக்கறேனேப்பா, வழியில தண்ணி வெச்சிருக்கற மேசைக்கு மேசை குடிச்சுக்கிட்டே போவேன், கவலப்படாதீங்க என்று போன வாரம்தான் சொன்னாய். நான் உன்னை மெச்சிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், மாத்திரை இருக்கிற தைரியத்தில் குடிக்காதே. குடிக்கவே குடிக்காதே என்று சொல்லவில்லை, தாகம் கேட்டால் குடி, கேட்காவிட்டால் யார் நீட்டினாலும் கையைக் கூப்பிவிட்டுப் போய்க்கொண்டே இரு. தலை வலித்தால், விரல் வீங்கினால், உட்கார்ந்துவிடு, பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்லு. அங்கே உன்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை, நீ ஆளை மாற்றிக் கூப்பிட்டால் தப்பு என்று யாருக்குத் தெரியும், அதை நினைத்தால்தான் எனக்குக் குலை நடுங்குகிறது. மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை, நீ முழுசாக வீடு திரும்பினால் போதும்.

தீர்க்காயுசாக இரு, நல்லபடியாக ஓடு. வழக்கமாக இந்த இடத்தில் தண்ணி நிறையக் குடி என்று எழுதி முடிப்பேன், இன்றைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அம்மாவைக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: தாகம் எடுத்தா குடி, அப்பா குடுத்தா குடிக்காத.

இப்படிக்கு
உன் அப்பா