தொண்ணூறில் எழுந்த முகடு

அக்டோபர் 4
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: சோதனைக்கு வந்த மீனைத் தின்றுவிட்டேன். சதையை மட்டும்தான். நாங்கள் தேடும் கதிரியக்க ஸ்ட்ரான்சியம் சுண்ணாம்புக்குப் பங்காளி, எலும்பில் போய் உட்காரும். எங்கள் ஆய்வகத்துக்கு எலும்பு போதும். ஃபுமியே சான் கையால் கொடுத்த தட்டைமீனைக் குப்பையில் போட மனம் வருமா? என் வீட்டுப் பீங்கான் கத்தியால் சதையைச் சீவி, எலும்பையும் சுத்தமாகச் சுரண்டி எடுத்தேன். ஐம்பத்து மூன்று வயதில் காதல் விருந்து. தனியாக.

ஒனஹாமா துறைமுகத்தில் ஃபுமியே சானுக்கு மீன்கடை. கணவர் இல்லை. அணுஉலை வெடித்ததிலிருந்து செண்டாய் நகரில் இருக்கும் மகன், தன்னிடம் வந்துவிடு என்கிறான். மீனை நீட்டியபடி சொன்னார்: "நம்ம கடல் மீன்ல ஒண்ணுமில்லேன்னு நீங்க சொல்லிட்டா, நான் இங்கயே இருந்துடறேன். பேச்சுத்துணைக்குத்தான் ஒரு வாயாடி இருக்கீங்களே."

காது வரை சிவந்து, இயந்திரத்தைப் பற்றி ஏதோ உளறினேன்.

அக்டோபர் 9
எலும்பில் பாதியைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்தாயிற்று. ஆய்வகத் தலைவி குசானோ சான்: "யாரோட மீனு இது? இவ்வளவு பயபக்தியா கரைக்கிறே!"
என் காதல் துறைமுகம் முழுக்கத் தெரியும் போலிருக்கிறது.

அக்டோபர் 10
இயந்திரத்தின் வரைபடத்தில் தொண்ணூறாம் எடையில், கதிரியக்க ஸ்ட்ரான்சியம் வரும் இடத்தில், முகடு. மறுபடி ஓட்டினேன். முகடு.

அக்டோபர் 11
கடைக்குப் போய்ச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நிஜமாவா? உங்க வழக்கமான விளையாட்டு இல்லையே?"

"இதுல விளையாடுவேனா?"

"இருக்குன்னா சொல்றீங்க?"

"இருக்கு."

"சரி. புரிஞ்சுது." எதற்கோ குனிந்து நன்றி சொன்னார். பொய் சொல்லியிருக்கலாமோ? ஊரெல்லாம் புளுகுகிறவன், இந்த ஒரு இடத்தில் அரிச்சந்திரன்.

அக்டோபர் 20
மகனிடம் போய்விட்டார். கடை அடைத்திருக்கிறது.

நவம்பர் 2
குசானோ சான் என் தாள்களைப் புரட்டியவர் நிமிர்ந்தார். "சிர்கோனியம் ஏன் இப்படிக் கொட்டிக் கிடக்கு? எதால சுரண்டினே?"

பீங்கான் கத்தி. அதுவே சிர்கோனியம். ஸ்ட்ரான்சியத்தைப் போலவே அதிலும் எடை தொண்ணூறு உள்ள ஒரு வகை உண்டு. ஆக்சிஜன் விட்டுத்தான் இரண்டையும் பிரிப்போம். அளவு மீறினால் மிச்சம் நழுவி வந்து ஸ்ட்ரான்சியம் வேஷம் போடும்.

"சமையக்கட்டும் ஆய்வகமும் உனக்கு ஒண்ணா, மடையா?"

ஆமாம், ஒன்றுதான்.

நவம்பர் 6
மிச்ச எலும்பை எஃகுக் கத்தியால் மேல்புறம் சீவி எறிந்து, உள்ளே இருந்ததை அளந்தேன். ஒன்றுமில்லை. வரைபடம் வெறும் சமதரை. அழுதுவிட்டேன் — இயந்திரத்தின் முன்னால், கையுறையோடு.

செண்டாய்க்குத் தொலைபேசினேன். "ஃபுமியே சான், தப்பு என் கத்தியோடது! மீன்ல ஒண்ணுமே இல்ல. வந்துடுங்க."

அவர் மெதுவாகச் சொன்னார்: "வேண்டாங்க. சமாதானமெல்லாம் சொல்ல வேண்டியதில்ல. உங்க மனசு எனக்கு அன்னிக்கே புரிஞ்சு போச்சு."

மனசா? நான் எங்கே மனசைச் சொன்னேன்? எடையைத்தானே சொன்னேன்!

டிசம்பர் 13
கடையைக் காலி செய்ய அவர் தங்கை மித்சுகோ வந்திருந்தாள். பெட்டி தூக்க உதவினேன். அந்த மீனைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது இந்தக் கடல் மீனே இல்ல, தூர வடக்குல ஹொக்கைடோ மீனுங்க. நிச்சயமா ஒண்ணும் வரக்கூடாதுன்னு அக்கா தேடிப் பிடிச்சு வாங்கினது."