தேங்காய் எங்கே, அக்கா?

அக்கா,

இன்று காலை தேங்காய்க்காரர் பொங்கலூர்த் தோப்புக் காய் நான்கை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். சமையலுக்கு இரண்டு, வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஒன்று என்று பிரித்து வைத்தேன். நான்காவதை எடுத்த கை அதைக் கீழே வைக்கவில்லை. நல்ல உருண்டை. பிறந்து ஒரு மாதமான பிள்ளையின் தலை அளவு இருந்தது. 'இதை அக்காவுக்குக் காட்டணும்' என்று நினைத்துவிட்டு, அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. நம் பழக்கமே ஒரு தேங்காயில்தானே தொடங்கியது?

கூலிக்குத் தைக்க ஜாப் ஒர்க் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி நின்றுபோய், எங்கள் எட்டுத் தையல் மெஷினும் சும்மா கிடந்த நேரம் அது. கைக்குழந்தைப் பனியனை நாமே தைத்து, கடைகளுக்கு நேராக விற்போம் என்று துணிந்தோம். விற்பது என் பொறுப்பு. எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். எதை அமுக்கினால் எது வரும் என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்துத்தான் பேஸ்புக் பழகினேன். துணிக்கடைக்காரர்கள் குழு ஒன்றில் சேர்ந்த முதல் வாரமே, தினமும் முருகன் படத்தோடு காலை வணக்கம் போட்டு, குழு நடத்துகிறவரிடம் திட்டு வாங்கினேன். பனியன் படம் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒருவர்தான் கீழே கேட்டிருந்தார்: "கழுத்து பிள்ளை தலைக்கு நுழையுமா?"

அது நீங்கள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிறிய ஊரில், மாதா கோயிலுக்கு எதிரே பிள்ளைகள் துணிக்கடை வைத்திருந்த நீங்கள்.

போட்டுக் காட்ட எங்கள் வீட்டில் குழந்தை இல்லை. பூஜை அறையில் தேங்காய் இருந்தது. பனியனை அதன் தலையில் மாட்டி, கழுத்து வழுக்கிக்கொண்டு இறங்குவதை வீடியோ எடுத்து உங்கள் கேள்விக்குக் கீழேயே போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் போனில் உங்கள் குரல் வந்தது.

"எக்கா, என்ன ஒங்க பிள்ளைக்கு மூணு கண்ணு இருக்கு?"

"சிவனோட கொழந்தைங்க அக்கா," என்றேன். எனக்கு அப்படிப் பேச வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நீங்கள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. இரண்டு டஜன் கேட்டீர்கள்.

போட்டுவிட்டேனே தவிர, எனக்கு உறுத்தல். "சாமிக்கு வெச்ச காயிங்க அது. தப்பாயிருமோ?" என்று உங்களிடமே கேட்டேன்.

"பிள்ளைக்கு உடுப்பு போட்டுப் பாத்தா எந்தச் சாமி கோவிக்கும் எக்கா? எங்க மாதாவே கையில பிள்ளையோடதான நிக்கா."

மனசு ஆறியது. இருந்தாலும் அன்றிலிருந்து வீடியோவுக்கென்று தனிக் காய் ஒன்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனம்மிணி, அவனவன் மாடல் புள்ளைகள வெச்சுப் போட்டோ எடுக்கறான். நீ தேங்காய்க்குச் சட்டை போட்டுட்டு உக்கோந்திருக்கறே." குழுவிலும் கேலிதான். சிரித்தவர்கள் ஏராளம், வாங்கியவர் நீங்கள் ஒருவர். ஆனால் உங்கள் ஒருவரிடமிருந்துதான் மற்றவர்கள் வந்தார்கள். உங்களுக்குத் தெரிந்த கடைக்காரர்களுக்கெல்லாம் என் வீடியோவை அனுப்பி, "இந்த அக்கா பொய் சொல்லமாட்டா, தேங்காயே சாட்சி" என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒருவர் இன்னொருவரைக் கூட்டி வர, வாட்ஸ்அப்பில் நாற்பது கடைகள் சேர்ந்தன. அதற்கு 'தேங்காய் குரூப்' என்று பெயர் வைத்ததும் நீங்களே. அந்த நாற்பது கடைகள்தான் எங்கள் எட்டு மெஷினுக்கும் சோறு. ஒவ்வொரு கடைக்கும் நோட்டில் ஒரு பக்கம் வைத்தேன். எந்த ஊரில் எந்த நிறம் போகும், எந்தக் கடைக்காரர் எதற்குக் குறைப்பட்டார் என்று எழுதுவேன். உங்கள் பக்கம் ஒன்றோடு நிற்கவில்லை.

அந்த நவம்பர் மாதத்தை நீங்கள் ஒருநாளும் பேச்சில் எடுத்ததில்லை. நான் இன்று எடுக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்காக ஐந்நூறு பனியன் தைத்து முடித்திருந்தோம். வீடியோ எடுக்கலாம் என்று ஒன்றை எடுத்துத் தேங்காயில் மாட்டினால், பாதியில் நின்றுவிட்டது. இழுத்தேன். இறங்கவில்லை. கழுத்துப் பட்டிக்கு வந்த, இழுத்தால் நீள வேண்டிய ரிப் துணியில் இழுவையே இல்லை. வேறு வேறு கட்டிலிருந்து பத்து எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அப்படியே.

வீட்டுக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "போட்டோ மட்டும் போட்டுரு அம்மிணி. இந்த ஒரு தடவைக்கு வீடியோ வேண்டாம். இது நின்னுபோச்சுன்னா பாதி மெஷின வித்துப்போட வேண்டீதுதான்."

விளக்கேற்றிக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டுத்தான் அந்தத் தப்பைச் செய்தேன். வெறும் படத்தைக் குழுவில் போட்டேன். அழகான படம். கடகடவென்று ஆர்டர் வந்தது. எதையும் நான் நோட்டில் ஏற்றவில்லை.

உங்களிடமிருந்து குழுவில் ஒன்றும் வரவில்லை. என் எண்ணுக்குத் தனியாக மூன்று சொல் வந்தது. "தேங்கா எங்க எக்கா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். நீங்களே கூப்பிட்டீர்கள்.

"குரூப்புல கேட்டா ஒங்களுக்கு அசிங்கம்லா, அதான் தனியாக் கேக்கேன். கழுத்து நுழையலியோ?"

"இல்லீங்க அக்கா," என்றேன்.

நீங்கள் திட்டவில்லை. "ஒரு பக்கத் தோளப் பிரிச்சு ரெண்டு பிரஸ் பட்டன் வச்சா என்ன? பண்டிகைக்கு ஒரு வாரம் முந்தித் தந்தாப் போதும், நான் எடுத்துக்கிடுதேன். மத்தவங்கள்ட்ட சொல்லதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம்," என்று போனை வைத்துவிட்டீர்கள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை எழுப்பியது. பனியன் பாதியில் சிக்கி நிற்கிற தேங்காயை வீடியோ எடுத்து, தவறு எங்களுடையது, தோளில் பட்டன் வைத்துத் தருகிறோம், காத்திருக்க முடியாதவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று பேசிக் குழுவில் போட்டேன். ஏழு கடைகள் அப்போதே வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் விடியும் முன்பே மெஷினில் உட்கார்ந்து தோளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காபியை வைத்தேன். "சக்கர பத்தல," என்றார். சமாதானம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பட்டன் வைத்த பனியன் தேங்காயில் வழுக்கி இறங்கிய வீடியோவுக்கு நீங்கள்தான் முதலில் எழுதினீர்கள். "மூணு கண்ணனுக்கு ஹேப்பி கிறிஸ்மஸ்." போன ஏழில் ஆறு கடைகள் தை மாதத்துக்குள் திரும்பி வந்தன. ஒன்று வரவேயில்லை. அதன் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை.

இத்தனை வருடத்தில் நாம் நேரில் பார்த்ததில்லை. உங்கள் எண்ணில் மாதா படம், என் எண்ணில் முருகன் படம். இரண்டு பேரும் சாமிக்குப் பின்னால் நின்றுகொண்டே பேசியிருக்கிறோம். "திருச்செந்தூருக்கு வந்துட்டு நம்ம வீட்டுக்கு வராமப் போங்க, அப்ப இருக்கு ஒங்களுக்கு," என்று மிரட்டுவீர்கள். ஒவ்வொரு வருடமும் வருகிறேன் என்பேன். வேலை முடியாது.

உங்கள் மகள் குழுவில் போட்ட அஞ்சலிப் படத்தில்தான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். குரலுக்கு ஏற்ற முகம். கீழே வயது நாற்பத்தெட்டு என்று இருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு. இத்தனை நாளும் என்னைவிடச் சின்னவரை அக்கா என்று அழைத்திருக்கிறேன்! நீங்களும் வயதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நம் இரண்டு பேரில் நீங்கள் என்னை அக்கா என்றதாவது சரி என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். இந்தக் கடிதத்தைத் 'தங்கச்சி' என்று தொடங்கிப் பார்த்தேன். யாருக்கோ எழுதுவதுபோல் இருந்தது.

கடையை இப்போது உங்கள் மகள் பார்க்கிறாள். போன மாதம் பேசினாள்.

"நீங்களும் அக்கா, அம்மையும் அக்கா. நான் ஒங்கள சித்தின்னு கூப்பிடவா, பெரியம்மைன்னு கூப்பிடவா?"

"பெரியம்மான்னே கூப்புடு கண்ணு. கணக்குப் பாத்துட்டேன்."

பிறகு கடையைப் படம் எடுத்து அனுப்பினாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய், காய்ந்து கறுத்து, ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. எந்தக் கம்பெனிச் சரக்கு வந்தாலும் அம்மா இதில் மாட்டிப் பார்த்துத்தான் எடுப்பாள் என்றாள். என்னிடம் நீங்கள் இதைச் சொன்னதே இல்லை. அந்தப் படத்தை நோட்டில் உங்கள் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்றும் குழுவில் படம் போடுவதற்கு முன்னால் என் விரல் ஒரு நொடி நிற்கும். தேங்காய் எங்கே என்று நீங்கள் கேட்பது காதில் விழும். விழாமல் நான் எதையும் போட்டதில்லை.

காலையில் வந்த நான்காவது காயைக் கழுவித் துடைத்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்கு மஞ்சள் நிறத்தில் புதுப் பனியன் தைத்து முடியும். முதல் பனியன் இதற்குத்தான். இறங்கினால் உங்கள் மகளுக்கு வீடியோ போகும். இறங்காவிட்டாலும் போகும்.