மேஸ்திரி குடிக்காத காப்பி

அக்கா,

இன்று காலை மருமகள் கொதிநீரில் காப்பித்தூளைப் போட்டதும் வீடெல்லாம் மணத்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இன்னா அத்தை, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். கோலார் கோர்ட்டில் ஒருத்தன் காப்பி குடித்தேன் என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதை அவளுக்கு எங்கே புரியும்? நீ இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். போய்ச் சேர்ந்துவிட்டாய்.

கோலார் தங்கச் சுரங்கத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த பாலகாட் லைனில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அறுபதுகளில் ஒரு நாள் போலீஸ் வந்து உன் வாசலில் அடுக்கியிருந்த விறகைக் கலைத்தது. அடியில், துணியில் சுற்றிய தங்கத் துண்டு. உன் வீட்டுக்காரரை, நான் மாமா என்று கூப்பிடுகிற மனுஷனை, விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். துப்புக் கொடுத்தவன் அவருடைய ஷிப்ட் மேஸ்திரி. சுரங்கத்தில் திருடியது ருசுவானால் ஜெயில். வேலை போகும், வேலையோடு லைன் வீடும் போகும். பிள்ளைகளோடு நீ நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். லைனில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். நீ மட்டும், "எம்புருசன் கல்லுல கைய வெச்சா ஒடைக்கத்தான் வெப்பாரு, ஒளிக்கறதுக்கு வெக்க மாட்டாரு" என்றாய்.

கோர்ட்டில் அந்தப் படுபாவி கூண்டேறி, வாய் கூசாமல் சொன்னான்: "நானே கண்ணால பார்த்தேன் சாமி. வூட்டுக்குள்ள கூப்ட்டு காப்பி குடுத்தாரு. குடிச்சிக்கினு இருந்தேன். முருகர் படத்துக்குப் பின்னாலேருந்து தங்கத்த எடுத்து, வித்துக் குடு, பங்கு தரேன்னாரு. நான் முடியாதுன்னேன். அப்புறந்தான் விறகுல மறைச்சாரு."

பின்வரிசையில் நம் லைன் பெண்கள் குபீரென்று சிரித்துவிட்டோம். நம் சாதிக்காரர் வீட்டுப் படியை மிதிக்காதவன் அவன். ஒரு வாய் தண்ணீர் நம்மிடம் வாங்கிக் குடித்ததில்லை. அவன் உள்ளே வந்து காப்பி குடித்தானாம்! நீதிபதி கன்னடத்தில் அதட்டினார். நீயோ சிரிக்கவே இல்லை. எழுந்து போய் நம் வக்கீல் காதில் ஏதோ சொன்னாய்.

வக்கீல் மெதுவாகக் கேட்டார். "அந்த முருகர் படம் நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்ல? வள்ளி தெய்வானையோட. கண்ணாடி மூலையில கீறல் உட்டிருக்கும். அடுப்புப் பக்கத்துச் சுவர்ல."

"அவங்க பௌத்தக் குடும்பம். அந்த வீட்டுல புத்தர் படத்தைத் தவிர வேற படமே கிடையாது. நீங்க எந்த வீட்டுக்குள்ள போனீங்க?"

மேஸ்திரியின் முகம் சுண்டிப்போயிற்று. நம் லைனில் யார் புத்தரைக் கும்பிடுகிறார்கள், யார் முருகரைக் கும்பிடுகிறார்கள் என்று, வாசலிலேயே தீட்டுப் பார்த்து நின்றவனுக்கு எப்படித் தெரியும்?

ஜெயித்துவிட்டோம் என்று நீ என் கையைப் பிடித்தாய். எனக்கோ அவன் சொன்ன கீறலிலேயே நினைப்பு. அந்தக் கீறலை நான் பார்த்திருக்கிறேன், அக்கா! அடுப்புக்குச் சாணி ராட்டி விற்கப் போகிற வீடு ஒன்றில், கொல்லைக் கதவுக்கு நேரே தெரிகிற படம். எழுந்து கத்தியேவிட்டேன்.

"அய்யா, அது அந்தாளு வூட்டுப் படம்! நான் ராட்டி போடற வூடு, எனக்குத் தெரியாதா?"

அவனை நகரவிடாமல் உட்காரவைத்துவிட்டு போலீஸ் ஜீப் பறந்தது. படத்துக்குப் பின்னால் சுவரில் பொந்து. பொந்தில் இன்னும் தங்கம், உன் விறகடியில் கிடைத்த அதே பூப்போட்ட சேலைக் கிழிசலில் சுற்றி. திருடனே அவன்தான். சோதனை கெடுபிடியானதும் ஒரு துண்டை உன் வாசல் விறகில் செருகிவிட்டுப் பழியை மாமா தலையில் கட்டப் பார்த்திருக்கிறான்.

"அவன் நெஞ்சு பூரா அந்தப் படத்துக்குப் பின்னாலயே கெடந்திருக்குடி. அதான் வாயில வந்துடுச்சு" என்றாய்.

மாமா விடுதலையாகி வந்த அன்று, லைன் பையன்கள் பேண்டு வைக்கலாம் என்றார்கள். நீ வேண்டாம் என்றாய். மேஸ்திரிகள் குடியிருந்த தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன் என்றாய். அந்தத் தெருவில் நாமெல்லாம் சாக்கடை ஓரமாகக் குனிந்து நடப்பதுதான் வழக்கம். நீ மாமா கையைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுங்கிய என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"இன்னாடி அங்க போற? நடுவுல வா."

வந்தேன். லைன் மொத்தமும் நம் பின்னால் வந்தது. இருபுறமும் கதவுகள் திறந்தன. நாம் நடுவிலேயே நடந்தோம்.

இப்போது எனக்கு முழங்கால் வலி, கையில் தடி. ஆனாலும் அக்கா, அன்றிலிருந்து எந்தத் தெருவிலும் நான் ஓரமாக நடந்ததில்லை.